தகப்பன் கேட்கவில்லை, மகன் கேட்டான்
(அமெரிக்காவின் ஃபோர்-எச் சங்கங்களின் வரலாறும், முன்னாள் மாணவர்களாகிய நமக்கு அதில் உள்ள பாடமும்)

சங்கம் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது என்ன? ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ரசீது புத்தகம், ஆண்டு விழா, பொன்னாடை, கடைசியில் நன்றியுரை. நம் முன்னாள் மாணவர் சங்கமும் இதற்கு விதிவிலக்கல்ல, கோபித்துக் கொள்ளாதீர்கள்!

ஆனால் தலைவருக்கு வயது 13, செயலாளருக்கு வயது 12, பொருளாளருக்கு வயது 11 என்று ஒரு சங்கம் இருந்தால்? கூட்டத்தை அந்தப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். தீர்மானம் போடுகிறார்கள். கணக்கு வாசிக்கிறார்கள். பின் வரிசையில் பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் அவர் மெக்கானிக்காக இருக்கலாம், பண்ணைக்காரராக இருக்கலாம், வங்கி ஊழியராக இருக்கலாம். பிள்ளைகள் தடுமாறினால் மட்டும் வாயைத் திறப்பார்.

இப்படிப்பட்ட சங்கங்கள் அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேலாக நடந்து வருகின்றன. பெயர் ஃபோர்-எச். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த், அதாவது தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து எச் என்பதால் வந்த பெயர். மலர்க்குழுவினர் "ஏதாவது பயனுள்ளதாக எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது, என் துறையான இயந்திரவியலை விட்டுவிட்டு இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

ஏட்டுச் சுரைக்காய்

1862-ல் அமெரிக்காவில் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கொடுத்தது. அதை விற்று வரும் பணத்தில் ஒரு கல்லூரி தொடங்க வேண்டும், அதில் விவசாயமும் எந்திரக் கலைகளும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. எந்திரக் கலைகள் என்றால் நாம் படித்த இஞ்சினியரிங்தான். பணக்காரப் பிள்ளைகளுக்கு இலக்கியமும் சட்டமும் சொல்லித் தந்த காலத்தில், உழுபவன் பிள்ளைக்கும் பட்டறைக்காரன் பிள்ளைக்கும் கல்லூரி வேண்டும் என்று எழுந்த சட்டம் அது.

கல்லூரிகள் வந்தன. ஆராய்ச்சிப் பண்ணைகள் வந்தன. விதையைச் சோதித்தார்கள், மண்ணைச் சோதித்தார்கள், புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். ஆனால் விவசாயி திரும்பிப் பார்க்கவில்லை. "நாங்க பார்க்காத விவசாயமா? கோட்டு போட்டவன் வந்து எங்களுக்குச் சொல்றானா?" என்பது அங்கேயும் பேச்சு. புத்தக விவசாயம் என்று கேலியாகப் பெயரும் வைத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதில்லையா, அதே எண்ணம்தான். விவசாயி மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. ஒரு வருட விளைச்சல் போனால் அவன் குடும்பம் பட்டினி. பேராசிரியருக்கோ மாதச் சம்பளம் வந்துவிடும்.

சுவர் இந்தப் பக்கம் அறிவு, அந்தப் பக்கம் தேவை. நடுவில் வாசல் இல்லை. வாசலைத் திறந்தவர்கள் பிள்ளைகள்.

இல்லினாய் மாநிலத்தில் மக்கூப்பின் கவுண்டி என்று ஓர் இடம். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதைவிடச் சின்னது. அங்கே வில் ஆட்வெல் என்பவர் விவசாயிகள் கூட்டம் போட்டுப் பார்த்தார். ஆள் சேரவில்லை. 1900-ஆம் ஆண்டுவாக்கில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நல்ல மக்காச்சோள விதையை வரவழைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பையன்களுக்குக் கொடுத்தார். நன்றாக விளைவித்துக் கொண்டு வருபவனுக்குப் பரிசு என்றும் அறிவித்தார். சில நூறு பையன்கள் விதை வாங்கிப் போனார்கள். அறுவடை முடிந்து கண்காட்சி வைத்தபோது கூட்டம் தாங்கவில்லை. மகன் விளைவித்த கதிரைப் பார்க்க அப்பா வராமல் இருப்பாரா?

நீதிமன்றத்து அடித்தளத்தில் ஒரு கூட்டம்

1902 ஜனவரி 15. ஒஹாயோ மாநிலம், ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரம். கிளார்க் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சில பையன்களையும் பெண்பிள்ளைகளையும் கூட்டி வைத்துப் பேசினார். ஃபோர்-எச் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கருதுவது இந்தக் கூட்டத்தைத்தான்.

கிரஹாம் பிள்ளைகளுக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? லிட்மஸ் தாள். நாம் பிளஸ் டூ லேபில் அமிலமா காரமா என்று பார்த்துவிட்டு மறந்துபோன அதே தாள். "உங்க வீட்டு நிலத்து மண்ணை எடுத்துச் சோதிச்சுப் பாருங்க" என்றார். மண் புளித்திருந்தால் தாள் சிவக்கும். சிவந்தால் சுண்ணாம்பு போட வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போனான். அப்பா கண் எதிரே அது சிவந்தது. பேராசிரியர் பத்து வருடம் சொற்பொழிவு ஆற்றினாலும் நடக்காத காரியம், பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்த துண்டுத் தாளால் நடந்தது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் இதைக் கவனித்தது. விதையும் வழிகாட்டுதலும் கொடுத்தது. 1905-ல் கிரஹாமையே தன் விரிவாக்கப் பணிக்குத் தலைவராக எடுத்துக்கொண்டது. கல்லூரி தன் மதில் சுவரைத் தாண்டி வெளியே வந்த தருணம் என்று இதைச் சொன்னால் அது மிகையாகாது.

அதே சமயத்தில் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற இளம் ஆசிரியை, பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கமும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்கலைச் சங்கமும் வைத்தார். கணக்குப் பாடத்தையே பண்ணைக் கணக்காக மாற்றினார். பிறகு பேஜ் கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளராகி, கிராமப் பள்ளிகள்தோறும் சங்கத்தைக் கொண்டு போனார். மூன்று இலை க்ளோவர் வடிவத்தில் பரிசுச் சின்னம் அமைத்தவரும் அவரே. க்ளோவர் என்பது ஒரு தீவனச் செடி. நாலு இலையோடு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னால் அந்த நாலாவது இலையும் வந்து சேர்ந்தது. 1911-ல் அதற்கு முதலில் சுறுசுறுப்பு என்று பொருள்படும் 'ஹஸல்' என்ற சொல்லை யோசித்தார்கள். பிறகு அது போய் ஆரோக்கியம் நின்றது. நல்ல காரியம் செய்தார்கள்! பிள்ளைகளை ஓட ஓட விரட்டுவதற்கு உலகத்தில் ஆள் பஞ்சமில்லை.

ஒரு டாலர் சம்பளம்

தெற்கு மாநிலங்களின் கதை வேறு. அங்கே பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோ பக்கமிருந்து வந்து நிலத்தை நாசம் செய்துகொண்டிருந்தது. சீமன் நேப் என்பவர், எழுபது வயதுப் பெரியவர், விவசாயத் துறை சார்பில் டெக்சாஸ் போனார். அரசாங்கப் பண்ணையில் செய்து காட்டினால் எவனும் நம்பமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் 1903-ல் டெரல் என்ற ஊரில் ஒரு சாதாரண விவசாயியின் நிலத்தில், அந்த விவசாயியின் கையாலேயே புதுமுறையைச் செய்யச் சொன்னார். நட்டம் வந்தால் ஈடு கட்ட ஊர் வியாபாரிகள் பணம் திரட்டி வைத்தார்கள். நட்டம் வரவில்லை, லாபம் வந்தது. காதால் கேட்டதைச் சந்தேகிக்கலாம், கண்ணால் கண்டதையும் சந்தேகிக்கலாம், தன் கையால் செய்ததை மட்டும் மனிதன் சந்தேகிக்க முடியாது என்பது நேப் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து.

இந்தக் கருத்து பிள்ளைகள் சங்கத்தோடு சேர்ந்தபோது தீ பற்றிக்கொண்டது. 1907-ல் மிசிசிப்பி மாநிலம் ஹோம்ஸ் கவுண்டியில் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மக்காச்சோளச் சங்கம் தொடங்கினார். நேப் அவரை மத்திய அரசின் ஒத்துழைப்பாளராக நியமித்தார். சம்பளம் எவ்வளவு? வருடத்துக்கு ஒரு டாலர். தபால் தலை ஒட்டாமல் அரசாங்கக் கடிதம் அனுப்பும் உரிமை உண்டு. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத அது போதுமே.

விதி எளிமையானது. ஒரு பையன், ஒரு ஏக்கர். பரிசு கொடுத்த முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. 100 மார்க்கில் விளைச்சலுக்கு 30. லாபக் கணக்குக்கு 30. தேர்ந்தெடுத்த பத்துக் கதிர்களின் காட்சிக்கு 20. "இந்தப் பயிரை நான் எப்படி விளைவித்தேன்" என்று எழுதிய வரலாற்றுக்கு 20. பாருங்கள், விளைச்சலுக்குப் பாதி மார்க்கூட இல்லை! உரத்தைக் கொட்டி நிறைய விளைவித்துவிட்டு நட்டக் கணக்கு காட்டினால் பரிசு கிடையாது. செய்ததை எழுதத் தெரியாவிட்டாலும் 20 மார்க் போச்சு. நம் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இப்படி மார்க் போட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்போம் என்று நண்பர்கள் யோசித்துக் கொள்ளலாம்.

1910-ல் தெற்குக் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற 15 வயதுப் பையன் ஒரு ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம் கணக்கில் ஏறத்தாழ 5,800 கிலோ. அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஏக்கருக்கு 20 புஷல், அதாவது 500 கிலோ தேறினாலே பெரிய விஷயமாக இருந்த காலம். எல்லாப் பையன்களும் ஜெர்ரி மூர் இல்லைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அப்பாக்கள் அதற்குப் பிறகு புத்தக விவசாயம் என்று சிரிக்கவில்லை.

பெண்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதே 1910-ல் அதே மாநிலத்தின் எய்க்கன் கவுண்டியில் மேரி க்ரோமர் என்ற ஆசிரியை தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒரு பெண்ணுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 சென்ட் நிலம். தக்காளி பயிரிட வேண்டும், பறிக்க வேண்டும், வேகவைத்துக் காற்றுப் புகாமல் டின்னில் அடைக்க வேண்டும், விற்க வேண்டும். தன் பெயரில் கையில் காசு பார்த்திராத கிராமத்துப் பெண்கள் லாபக் கணக்கு எழுதினார்கள். சுத்தமாக டின் அடைப்பது எப்படி என்று மகளிடம் அம்மா கற்றுக்கொண்டார்.

கல்லூரி, மாவட்ட அலுவலர், ஊர்ப் பெரியவர்

1914 மே 8-ல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஸ்மித்-லீவர் சட்டத்தில் கையெழுத்திட்டார். இதன்படி ஒவ்வொரு மாநிலத்தின் விவசாயக் கல்லூரியும் ஒரு விரிவாக்கப் பிரிவு நடத்த வேண்டும். மத்திய அரசு பணம் கொடுக்கும், மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். கவுண்டிதோறும் அலுவலர்கள் வந்தார்கள். பிள்ளைகள் சங்கம் இந்த அமைப்பின் ஒரு கிளையாயிற்று. 1920-களில் ஃபோர்-எச் என்ற பெயர் நாடெங்கும் நிலைத்தது. 1939-ல் நாலு இலைச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்தார்கள். கண்டவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது.

நண்பர்களே, இங்கே ஓர் எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் இந்த அமைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் மூன்று பாகங்கள். முதல் பாகம் கல்லூரி. அறிவு அங்கே உற்பத்தியாகிறது. இரண்டாவது பாகம் மாவட்ட அலுவலர். அறிவை அவர் ஊருக்குக் கொண்டு வருகிறார். ஒரு கவுண்டிக்கு ஓரிரு அலுவலர்கள்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அவர்களால் பார்க்க முடியாது. ஆகவே மூன்றாவது பாகம், சம்பளமில்லாத ஊர்ப் பெரியவர். தையல் தெரிந்த அம்மா பத்துப் பெண்களைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார். மாடு வளர்த்தவர் பத்துப் பையன்களைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போகிறார். எந்திரத்தில் இந்த மூன்றாவது பாகம்தான் உண்மையில் சுமையைத் தாங்குகிறது. மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது கழன்றால் வண்டி நின்றுவிடும்.

இன்று ஃபோர்-எச் தரும் கணக்குப்படி சுமார் 60 லட்சம் இளைஞர்களை அது சென்றடைகிறது. தொண்டர்கள் 5 லட்சம் பேர். சம்பளம் வாங்கும் அலுவலர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்.

காலத்துக்கேற்ப வேலைகளும் மாறின. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935-ல் கிராம மின்மயத் திட்டம் வந்து கம்பி இழுத்தபோது, மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாள்வதும் விளக்கு பொருத்துவதும் சங்கத்து வேலைகளாயின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறை. பழைய டிராக்டரைப் பழுதாகாமல் ஓட வைக்கப் பையன்கள் கற்றார்கள், காய்கறித் தோட்டம் போட்டார்கள். பிறகு சங்கம் நகரத்துக்கும் வந்தது. 1972-ல் சத்துணவு பற்றி டெலிவிஷன் தொடரே எடுத்தார்கள். இப்போது ராக்கெட், ரோபோ, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. மாடும் கோழியும் போய்விடவில்லை, அவையும் உண்டு.

நான் பார்த்தது

வேலை விஷயமாக நான் ஒஹாயோவில் ஒன்றரை வருடம் இருந்தேன். கோடையில் கூட வேலை செய்த ஒருவர் அந்தப் பக்கத்துக் கவுண்டிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். நம் ஊர் மாட்டுச் சந்தையும் பொருட்காட்சியும் சேர்ந்த மாதிரி இருந்தது. ஒரு கொட்டகையில் 12 வயதிருக்கும், ஒரு பெண் தன் கன்றுக்குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை கிலோ இருக்கும்?" என்று சும்மா கேட்டேன். ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். வாங்கிய தேதி, வாங்கிய விலை, மாதாமாதம் எடை, தீவனச் செலவு, மருந்துச் செலவு, ஒரு பவுண்டு எடை கூட எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு, எல்லாம் பென்சிலில். நடுவில் ஒரு மாதம் எடை குறைந்திருந்தது. காரணமும் எழுதியிருந்தாள்: வயிற்றுப்போக்கு, தீவனத்தைத் திடீரென்று மாற்றியதால்.

நான் தொழிற்சாலையில் தினமும் பார்க்கும் குறைபாட்டு அறிக்கைகளில் பாதி இந்த நோட்டு அளவுக்கு நேர்மையாக இருப்பதில்லை. யார் மேலும் பழி போடாமல், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டியது.

மதிப்பிடும் முறையும் புதுமையாக இருந்தது. டேனிஷ் முறை என்கிறார்கள். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் போடுவதில்லை. தரம் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்து அதோடு ஒப்பிடுகிறார்கள். தரத்தை எட்டியவர்கள் பத்துப் பேர் என்றால் பத்துப் பேருக்கும் நீல ரிப்பன். அடுத்த தரத்துக்குச் சிவப்பு, அதற்கடுத்து வெள்ளை. நடுவர் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இதை ஏன் இப்படிச் செய்தாய், அடுத்த முறை என்ன மாற்றுவாய்" என்று கேட்கிறார். ரேங்க் போட்டிகளும் தனியாக உண்டுதான். பரிசு ஆசையில் அப்பாமார் விலை உயர்ந்த கன்றை வாங்கிக் கொடுத்துத் தாங்களே வளர்க்கிற கூத்தும் நடக்கும் என்று நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊருக்கு ஊர் வாசற்படி!

மறைக்கக் கூடாத பக்கம்

இந்த வரலாற்றில் கறுப்பான பக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

தெற்கு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம். ஸ்மித்-லீவர் சட்டப் பணம் அங்கே வெள்ளையர் கல்லூரி வழியாகவே போயிற்று. இத்தனைக்கும் கறுப்பின மக்கள் பின்தங்கி நிற்கவில்லை. டஸ்கீஜி கல்லூரியிலிருந்து 1906-லேயே பள்ளிக்கூட வண்டி ஒன்று கிராமம் கிராமமாகப் போயிற்று. குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு போய் வயலிலேயே செய்து காட்டினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெரிய விஞ்ஞானியின் யோசனையும் உழைப்பும் அதில் உண்டு. அந்த வண்டியோடு போன தாமஸ் கேம்பல்தான் மத்திய அரசு நியமித்த முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். அப்படியிருந்தும் 1927-ல் வாஷிங்டனில் தேசிய முகாம் தொடங்கியபோது தெற்குக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கென்று தனி வட்டார முகாம் வந்தது 1948-ல். 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகே தனித்தனி ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது.

ஆக, செய்து கற்பது நல்ல முறைதான். ஆனால் யார் பிள்ளை உள்ளே வரலாம் என்ற கேள்விக்கு முறை பதில் சொல்லாது, அதை நடத்தும் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஊர், காலனி என்று இரண்டாகப் பிரிந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. சங்கம் எந்தத் தெருவில் கூடுகிறது, தண்ணீர் எந்தக் குடத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் சின்ன விஷயம் என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நம் மண்ணில்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது.

மார்த்தாண்டம் தேன் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியது. பொறுப்பாளர் ஸ்பென்சர் ஹாட்ச், அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெட்டியில் தேனீ வளர்ப்பது, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்பது என்று மக்களைத் தாங்களே செய்ய வைத்தார். கிராமப் பணியை ஒய்.எம்.சி.ஏ.வில் முதலில் தொடங்கி வைத்தவர் சேலத்துக்காரரான கே. டி. பால் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

சுதந்திரத்துக்குப் பின் 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. அமெரிக்க மாதிரியில் விவசாயப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1971-ல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் அதன் பொறுப்பில் புதுச்சேரியில்தான் அமைந்தது. அதாவது நான் சொன்ன எந்திரத்தின் முதல் இரண்டு பாகங்களையும், கல்லூரியையும் அலுவலரையும், நாம் வாங்கிப் பொருத்திவிட்டோம். இளம் விவசாயிகள் சங்கங்களும் அங்கங்கே வந்தன. ஆனால் மூன்றாவது பாகம், ஒவ்வொரு தெருவிலும் பத்துப் பிள்ளைகளோடு உட்காரும் பெரியவர், அந்த அளவில் இங்கே வேர்விடவில்லை.

வேர்விடாது என்று சொல்வதற்கும் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். 1993-லிருந்து நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை எண்ணிப் பாருங்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சின்னக் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, கிணறு கிணறாகப் போய் அளந்து, அறிக்கை எழுதுகிறார்கள். பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்குத் துணையாக ஓர் இஞ்சினியர் நின்றால்?

நாம் செய்யக்கூடியது

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

கல்லூரி நாட்களில் என்.எஸ்.எஸ். இருந்தது. 1969-ல் தொடங்கிய நல்ல திட்டம். ஆனால் ஒரு வாரச் சிறப்பு முகாம் முடிந்து பஸ் ஏறியதும் அந்தக் கிராமத்துக்கும் மாணவனுக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. பட்டம் வாங்கியதும் திட்டமே முடிந்துபோகிறது. கையில் தொழில் வந்த பிறகு, சொல்லித் தர விஷயம் சேர்ந்த பிறகு, நமக்கு அப்படி ஒரு வழி இல்லை. முன்னாள் மாணவர் சங்கம் அந்த வழியாக இருக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

பெரிய திட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். ஒரு முன்னாள் மாணவர், ஒரு அரசுப் பள்ளி, பத்துப் பிள்ளைகள், மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு வருடம். வேலை எதுவாகவும் இருக்கலாம். பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது, தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதிப்பது, பள்ளியின் மின்கட்டணத்தை மாதாமாதம் எழுதிக் குறைக்க வழி பார்ப்பது, மொட்டைமாடியில் மழை அளப்பது. மூன்று நிபந்தனைகள் மட்டும் அமெரிக்கக்காரரிடமிருந்து கடன் வாங்குவோம். ஒன்று, ஸ்பானரைப் பிள்ளைதான் பிடிக்க வேண்டும், நாம் அல்ல. இரண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு, அதில் கெட்டுப்போனதும் எழுதப்பட வேண்டும். மூன்று, வருடக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளே செய்து காட்ட வேண்டும், நமக்கு மேடையில் நாற்காலி கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களை அங்கே விசாரித்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள், பயிற்சியும் கொடுக்கிறார்கள். நாமும் பள்ளித் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, ஒருவர் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவதுதான் முறை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு முன்னாள் மாணவரோடும் உங்களில் ஒருவர் இரண்டாவது ஆளாக வரலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பல்சக்கரத்தை விளக்கிப் பாருங்கள், செமஸ்டர் பரீட்சைக்குப் படித்தது உங்களுக்கே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர எண்ணியிருக்கிறேன். தீர்மானம் நிறைவேறுவது கிடக்கட்டும், முதலில் ஐந்து பேர் பெயர் கொடுத்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நம் பழைய ஒர்க்ஷாப் வாசலில் ஒரு நோட்டோடு நிற்பேன். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.